மறைப்பது வேறு, அழிப்பது வேறு

ஃபோட்டோஷாப் மென்பொருளின் பிரெஞ்சுப் பதிப்பில், ஆங்கிலத்தில் 'லேயர்' என்று இருக்கும் இடத்தில் 'கால்க்' என்று போட்டிருப்பார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது பள்ளிக்கூடத்துச் சொல். அட்லஸின் மேல் மெல்லிய தாளை விரித்து, அடியில் தெரியும் நதியையும் எல்லையையும் பென்சிலால் இழுத்து எடுப்போமே, அந்தத் தாளுக்குப் பெயர் 'பப்பியே கால்க்'. ஆங்கிலப் பள்ளிக்காரர்களுக்கு டிரேசிங் பேப்பர். அடியில் இருக்கும் வரைபடத்துக்கு ஒரு கீறலும் விழாமல் மேலே நம் வேலையைச் செய்துகொள்ளலாம் என்பதுதான் அந்தத் தாளின் பெருமை.

'லேயர் மாஸ்க்' என்பதற்கு அதே பதிப்பில் 'மாஸ்க் த ஃப்யுசியோன்' என்று பெயர். இரண்டு படங்களை ஒன்றோடொன்று இழையவிடும் மறைப்பு என்று பொருள் கொள்ளலாம். பழைய பிரெஞ்சுப் புகைப்படக்காரர்கள் இன்னும் சுருக்கமாக 'காஷ்' என்பார்கள். ஒளித்து வைப்பது என்று பொருள்படும் 'காஷே' என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. அழிப்பதற்கு அந்த மொழியில் 'எஃபாசே' என்று தனி வினை உண்டு. தமிழிலும் மறைப்பது வேறு, அழிப்பது வேறுதான். படங்களைத் திருத்துகிற கலையின் நூற்று எழுபது ஆண்டு வரலாற்றை இந்த இரண்டு வினைகளுக்கு இடையிலான வழக்காகவே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கருவியைப் பற்றி. கம்ப்யூட்டர் பக்கமே போகாத நண்பர்களுக்கும் இது புரிய வேண்டும்.

மண்டிக்கடைகளில் மூட்டைமேல் பெயர் எழுத ஒரு தகரம் வைத்திருப்பார்கள். எழுத்து வெட்டப்பட்ட இடத்தில் ஓட்டை இருக்கும். தகரத்தை மூட்டைமேல் வைத்து மையைத் தடவினால் ஓட்டை உள்ள இடத்தில் மை இறங்கும். மற்ற இடத்தைத் தகரம் காப்பாற்றும். மாஸ்க் என்பது இந்தத் தகரம்தான். ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை வைக்கிறோம். மேல் படத்தோடு ஒரு தகரத்தையும் கட்டிவிடுகிறோம். தகரத்தில் வெள்ளையாக உள்ள இடங்களில் மேல் படம் தெரியும். கறுப்பாக உள்ள இடங்களில் மேல் படம் ஒளிந்துகொள்ள, அடியில் இருப்பது தெரியும். சாம்பல் நிறமாக இருந்தால் இரண்டும் கலந்து தெரியும். சாதாரணமாக இதற்குக் கறுப்பு 0, வெள்ளை 255 என்று கணக்கு. நடுவில் 254 சாம்பல்கள். மூட்டைத் தகரத்தில் ஓட்டை உண்டு அல்லது இல்லை. இந்தத் தகரத்தில் அரை ஓட்டை, கால் ஓட்டை எல்லாம் உண்டு. அதனால்தான் தலைமுடியின் ஓரம் போன்ற நுணுக்கமான இடங்களில்கூட ஒட்டுப் போட்டது தெரியாமல் இழைக்க முடிகிறது.

அதே மென்பொருளில் ரப்பர் ஒன்றும் இருக்கிறது. ரப்பரால் தேய்த்தால் அந்த இடத்துப் படம் போயே போய்விடும். மாஸ்க்கில் கறுப்புத் தடவினால் படம் போவதில்லை, ஒளிந்துகொள்கிறது. நாளைக்கே வெள்ளையைத் தடவினால் திரும்பி வரும். திரையில் பார்க்கும்போது இரண்டு வேலைக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒன்றில் மூலம் உயிரோடு இருக்கிறது, மற்றொன்றில் இல்லை.

இந்தத் தகரத்தை முதலில் புகைப்படத்துக்குக் கொண்டுவந்தவர்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அவர்களுக்கு வானம் தொல்லை கொடுத்தது.

1850களில் புகைப்படம் என்றால் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டும். ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் 1851இல் வெளியிட்ட முறை அது. அந்தப் பசைக்கு நீலத்தின் மேல் அதிகப் பிரியம். சிவப்பையும் பச்சையையும் மெதுவாகத்தான் பிடிக்கும். தரைக்கோ கடலுக்கோ சரியான நேரம் கொடுத்தால், அதற்குள் வானம் அளவுக்கு மீறி ஒளி வாங்கிவிடும். காகிதத்தில் அச்சிடும்போது மேகம் எதுவும் இல்லாமல் வானம் வெள்ளைத் தாளாக நிற்கும். மேகம் வேண்டும் என்று நேரத்தைக் குறைத்தால் கீழே எல்லாம் கரியாகிவிடும். ஒரே தகட்டில் இரண்டையும் பிடிக்க வழியில்லை.

ஓவியம் பயின்று புகைப்படத்துக்கு வந்த குஸ்தாவ் லெ க்ரே என்ற பிரெஞ்சுக்காரர், 1856, 1857 ஆண்டுகளில் கடற்காட்சிகள் எடுத்தபோது இந்தச் சிக்கலை அவிழ்த்தார். கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ். காகிதத்தில் அச்சிடும்போது முதலில் வானப் பகுதியை மறைத்துக்கொண்டு கடலை அச்சிட வேண்டும். பிறகு கடலை மறைத்துக்கொண்டு வானத்தை அச்சிட வேண்டும். இரண்டும் தொடுவானக் கோட்டில் சந்தித்துக்கொள்ளும். தெற்கு பிரான்சின் சேத் துறைமுகத்தில் 1857இல் எடுத்த 'பெரிய அலை' என்ற படம் இப்படிப் பிறந்ததுதான். அலை உடைகிற அந்தக் கணமும் மேலே குவிந்த மேகமும் ஒரே படத்தில் இருந்ததைக் கண்டு அக்காலத்தில் வியந்தார்கள். அவர் ஒரே வானத்தை வேறு வேறு கடல்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார். நல்ல மேகம் ஒன்று கிடைத்தால் விடுவாரா?

அவருக்கும் முன்பே, 1851இல், பிரெஞ்சு அரசு தன் பழைய கட்டடங்களைப் பதிவு செய்ய ஐந்து புகைப்படக்காரர்களை அனுப்பியது. லெ க்ரே அதில் ஒருவர், எதுவார் பால்துஸ் இன்னொருவர். ஆர்ல் நகரத்தின் சேன்த் த்ரோஃபிம் ஆலயத்து உள்முற்றத்தின் வளைவு மண்டபத்தை ஒரே நெகடிவில் அடக்க முடியாமல், பத்து நெகடிவ்களைத் துண்டு துண்டாக இணைத்து, இணைப்பு தெரியும் இடங்களில் தூரிகையால் தொட்டு ஒரே படமாக்கினார் பால்துஸ். அரசாங்க ஆவணத்துக்காக எடுத்த படத்திலேயே பத்து ஒட்டு. ஆனால் இல்லாத தூண் எதையும் அவர் முளைக்க வைக்கவில்லை. கண்ணால் கண்டதைக் காட்ட அவருக்கு வேறு வழி இல்லை.

இங்கிலாந்தில் இந்தக் கலை ஓவியத்தோடு போட்டி போடக் கிளம்பியது. ஸ்வீடனில் பிறந்து உல்வர்ஹாம்ப்டனில் குடியேறிய ஆஸ்கர் ரெய்லாண்டர், 1857இல் 'வாழ்வின் இரண்டு வழிகள்' என்ற பெரிய படத்தைச் செய்தார். சுமார் 31 அங்குல நீளம், 16 அங்குல உயரம். ஒரு பெரியவர் இரண்டு இளைஞர்களை உலகத்துக்குள் அழைத்து வருகிறார். ஒருவன் சூதும் காமமும் உள்ள பக்கம் போகிறான், இன்னொருவன் உழைப்பும் பக்தியும் உள்ள பக்கம் போகிறான். நம் ஊர்க் கதாகாலட்சேபத்தில் வரும் கதைதான். அதற்காக ஆட்களைத் தனித்தனியாகவும் சிறு கூட்டமாகவும் நிறுத்தி முப்பதுக்கு மேற்பட்ட நெகடிவ்கள் எடுத்தார். பிறகு ஒரு நெகடிவை வைத்து, காகிதத்தின் மற்ற பகுதிகளை மூடி, வெயிலில் காட்டி அச்சிட்டார். அதன் பின் அடுத்த நெகடிவ், அடுத்த மூடல். ஒரு இடத்தில் கை பிசகினால் காகிதம் முழுவதும் வீண். இந்த வேலைக்கு ஆறு வாரம் ஆயிற்று. விக்டோரியா மகாராணியே ஒரு பிரதி வாங்கினார். ஸ்காட்லாந்துப் புகைப்படச் சங்கமோ, ஆடையற்ற உருவங்கள் இருப்பதால் காட்ட மாட்டோம் என்று மறுத்துவிட்டது.

அடுத்த ஆண்டு, 1858இல், ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகடிவ்களைச் சேர்த்து ஒரு படம் செய்தார். காசநோயில் ஓர் இளம்பெண் கண்மூடிச் சாய்ந்திருக்கிறாள், பக்கத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், ஓர் ஆண் முதுகைக் காட்டி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறார். படுத்திருந்த பெண்ணுக்கு உண்மையில் எந்த நோயும் இல்லை. படத்துக்காகப் படுத்தவள். பார்த்தவர்கள் கொதித்தார்கள். ஓவியத்தில் எத்தனையோ மரணப் படுக்கைகளைப் பார்த்துக் கலங்கியவர்கள்தான் அவர்கள். புகைப்படத்தில் மட்டும் அது கூடாது என்றார்கள். ஏன்? புகைப்படத்தை அவர்கள் சாட்சியாக நினைத்தார்கள். சாட்சி நடிக்கலாமா என்பது அவர்களின் கேள்வி. அந்தக் கேள்விக்கு இன்றுவரை முழுப் பதில் கிடைக்கவில்லை.

ரெய்லாண்டரும் ராபின்சனும் தாங்கள் செய்ததை ஒளிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தனை நெகடிவ் சேர்த்தோம் என்று அவர்களே வெளியில் சொன்னார்கள். ராபின்சன் 1869இல் இந்த முறைகளை விளக்கிப் புத்தகமே எழுதினார். எல்லாவற்றையும்விட, தனித்தனி நெகடிவ்கள் அவர்கள் பெட்டியில் பத்திரமாக இருந்தன. கறுப்புத் துணி காகிதத்தைத்தான் மறைத்தது. கண்ணாடித் தகட்டை அது தொடவில்லை.

இதே வித்தை அரசியல்காரன் கைக்குப் போனபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 1871இல் பாரிஸ் கம்யூன் எழுச்சி நடந்ததைப் பள்ளியில் படித்திருக்கிறோம். மே மாதம் வெர்சாய் படைகள் பாரிசுக்குள் நுழைந்தபோது, கம்யூன்காரர்கள் தங்கள் பிடியிலிருந்த பிணையாளிகள் சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். பாரிஸ் பேராயர் தார்புவா மே 24ஆம் தேதி அப்படிக் கொல்லப்பட்டார். மறுபக்கம் வெர்சாய் படை ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று குவித்தது. எழுச்சி அடங்கிய பிறகு எழேன் அப்பேர் என்ற புகைப்படக்காரர் 'கம்யூனின் குற்றங்கள்' என்று ஒரு படவரிசையை விற்றார். பேராயரின் கொலையும் அதில் உண்டு. அந்தக் கணத்தில் அங்கே காமிரா ஏது? நடிகர்களை நிறுத்திப் படம் எடுத்தார். வெர்சாய் சிறைகளில் தாமே எடுத்து வைத்திருந்த கைதிகளின் முகங்களை வெட்டி, நடிகர்களின் உடல்மேல் ஒட்டினார். ஒட்டியதை மறுபடி படம் எடுத்தார். கடைசியில் வெளிவந்த பிரதியில் கத்தரி பட்ட தடம் தெரியாது. வெர்சாய் படை செய்த கொலைகளுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை.

கொலை நடந்தது உண்மை. படம் பொய். ஒட்டு வேலையைச் சொல்லாமல் விற்றபோதுதான் அது பொய்யானது. லெ க்ரே செய்ததும் ஒட்டுதான். ஆனால் அந்தக் கடலைப் பார்த்து யாரையும் சிறைக்கு அனுப்பப் போவதில்லை.

சினிமாவுக்கு வந்தால், மறைப்பு வித்தை மறுபடி குழந்தையாகிவிடுகிறது. மேஜிக் நிபுணராக இருந்து சினிமாவுக்கு வந்த ஜோர்ஜ் மெலியெஸ், 1898இல் எடுத்த ஒரு படத்தில் தன் தலையைத் தானே கழற்றி மேசைமேல் வைப்பார். புதுத் தலை முளைக்கும். அதையும் கழற்றி வைப்பார். 1900இல் வந்த இன்னொரு படத்தில் ஏழு மெலியெஸ்கள் உட்கார்ந்து ஏழு வாத்தியங்கள் வாசிப்பார்கள். கறுப்புப் பின்னணியில் நடித்து, படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அதே சுருளில் மறுபடி நடித்துப் பதிவு செய்தார். கறுப்பு இருக்கும் இடத்தில் படச்சுருள் எதையும் வாங்குவதில்லை, அடுத்த உருவத்துக்கு அந்த இடம் காலியாகக் காத்திருக்கும். இன்று மாஸ்க்கில் கறுப்பு தடவும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

நம் தலைமுறைக்கு இந்த வித்தை இரட்டை வேடமாக வந்து சேர்ந்தது. 1940இல் 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரண்டு பேராக வந்தார். 1958இல் அதே பெயரில் வந்த படத்தில் சிவாஜி கணேசன். லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு வேடத்தை எடுப்பது, சுருளைத் திருப்பி மறு பாதியை மறைத்து அடுத்த வேடத்தை எடுப்பது என்பதுதான் அந்தக் காலத்து இரட்டை வேடங்களின் அடிப்படை வழி. காமிரா இம்மியும் அசையக் கூடாது. இரண்டு பேரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து அந்த நடுக்கோட்டைக் கண்டுபிடிக்கப் பந்தயம் கட்டியவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பார்கள்.

ஊர் ஸ்டூடியோக்களிலும் இதே வேலை சிறிய அளவில் நடந்தது. நெகடிவில் சிவப்புச் சாயம் பூசினால் அந்த இடத்தில் ஒளி புகாது. பின்னணி முழுவதையும் இப்படி மூடிவிட்டு முகத்தை மட்டும் அச்சிடுவார்கள். கூர்மையான பென்சிலால் அம்மைத் தழும்பை நிரப்புவார்கள். பெரிதாக்கும் கருவியின் அடியில் கையை அசைத்து, முகத்துக்கு விழும் ஒளியைக் கொஞ்ச நேரம் தடுப்பார்கள். இன்றும் ஃபோட்டோஷாப்பில் ஓர் இடத்தைக் கருமையாக்கும் கருவியின் சின்னம் ஒரு குவிந்த கைதான். அதன் கதை தெரியாமல் எத்தனை பிள்ளைகள் அதைச் சொடுக்குகிறார்களோ!

இனி அழிப்பின் கதை. 1937இல் மாஸ்கோ - வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலின் நடந்து வருகிறார். அவர் பக்கத்தில் இரகசியப் போலீசின் தலைவர் நிகொலாய் யெழோவ். ஆயிரமாயிரம் பேரைச் சாகடித்த அந்த மனிதரும் பதவி இழந்து 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு வெளியான அதே படத்தில் அவர் இல்லை. அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் ஓடுகிறது. ஸ்டாலின் வழக்கம்போல நடக்கிறார். இப்படி மறைந்தவர்களின் படங்களைப் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த டேவிட் கிங் என்ற ஆங்கிலேயர் 1997இல் அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். திருத்தாத பிரதி எங்கோ ஒன்று பிழைத்துக் கிடந்ததால்தான் யெழோவ் அங்கே நின்றார் என்று நாம் அறிகிறோம். எல்லாப் பிரதிகளும் போயிருந்தால்? தண்ணீர்தான் சாட்சி சொல்லியிருக்கும்.

கம்ப்யூட்டர் காலத்துக்கு வருவோம். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர், படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணையும் சேர்த்து வைத்தார்கள். அந்தப் புள்ளி எந்த அளவுக்குத் தன்னைக் காட்ட வேண்டும், எந்த அளவுக்கு அடியில் இருப்பதற்கு வழிவிட வேண்டும் என்று சொல்லும் எண். கிரேக்க எழுத்தால் அதற்கு 'ஆல்ஃபா' என்று பெயர் வைத்தார்கள். ரெய்லாண்டரின் கறுப்பு மூடல் அன்று எண்ணாக மாறியது. 1984இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் அந்த எண்ணை வைத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதற்கான கணக்கை ஒழுங்காக எழுதி வெளியிட்டார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல் 1987இல் எழுதத் தொடங்கிய நிரல், திரைப்படத் தந்திரக் காட்சி நிறுவனத்தில் வேலை பார்த்த அவர் சகோதரர் ஜான் நோலின் தூண்டுதலால் வளர்ந்து, 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் என்ற பெயரில் அடோபி நிறுவனத்தின் மூலம் விற்பனைக்கு வந்தது. இவர்கள் தந்தை ஒரு பேராசிரியர். வீட்டிலேயே இருட்டறை வைத்திருந்தவர். பிள்ளைகள் மருந்துத் தட்டுகளின் நடுவே தொழில் பழகியவர்கள். இருட்டறையின் சொற்களும் கருவிகளும் அந்த மென்பொருளுக்குள் குடியேறியதில் ஆச்சரியம் இல்லை.

முதல் பதிப்பில் லேயர் கிடையாது. ஒன்றை ஒட்டினால் ஒட்டியதுதான், அடியில் இருந்தது போயிற்று. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் லேயர்கள் வந்தன, அவற்றோடு மாஸ்க்கும் வந்தது. அப்போதும் கடைசியாகச் செய்த ஒன்றை மட்டும்தான் திரும்பப் பெறலாம். பல படிகள் பின்னால் போகும் வசதி 1998இல் ஐந்தாம் பதிப்பில் வந்தது. ஆகவே அந்த நான்கு ஆண்டுகள், செய்த தவறிலிருந்து பல நாள் கழித்தும் மீள்வதற்கு மாஸ்க் பெரிய துணை. அதே 1998இல் கிம்ப் என்ற இலவச மென்பொருளின் 1.0 பதிப்பும் வந்தது. நான் பயன்படுத்துவது அதைத்தான். ஓய்வூதியத்தில் அதற்கென்று ஒன்றும் ஒதுக்க வேண்டியதில்லை.

அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இந்த மாஸ்க் புதிய சங்கதி இல்லை. பணிப்பதிவேட்டில் சுரண்டி அழிக்கக் கூடாது, எழுதியதன்மேல் எழுதக் கூடாது என்பது நாங்கள் முதல் வாரத்திலேயே கற்ற பாடம். பிழையான பதிவை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும். அடித்தது என்ன என்று படிக்க முடிய வேண்டும். பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் வேண்டும். பழைய பிரெஞ்சு நொத்தேர் பத்திரங்களில் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். எத்தனை சொற்கள் அடிக்கப்பட்டன என்று எண்ணி, அவை செல்லாதவை என்று எழுதி, அதற்கும் கையெழுத்து வாங்குவார்கள். 'மோ ரேயே நுல்' என்பது அந்த வாசகம். அடித்த சொல்லுக்கும் கணக்கு உண்டு. செல்லாது என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது.

இந்த நியாயம் ஒரு குடும்பப் படத்தில் எனக்குப் பயன்பட்டது.

என் பெரியப்பா மகள் ஒருவர், எண்பதை நெருங்குகிறவர், தன் அம்மாவின் நூறாவது ஆண்டை ஒட்டி ஒரு பழைய குரூப் போட்டோவைப் பெரிதாக்கி மாட்ட ஆசைப்பட்டார். ஒன்பது பேர் நிற்கும் படம். கரையான் அரித்த மூலை ஒன்று, நடுவில் ஒரு மடிப்பு. அதெல்லாம் சரி செய்யக்கூடியதுதான். ஆனால் அக்கா வலது ஓரத்தில் நின்றவர்மேல் விரலை வைத்து, "தம்பி, இந்த ஆள எடுத்துடு" என்றார். அவர் அக்காவின் கணவர். கைக்குழந்தையோடு அக்காவை விட்டுவிட்டுப் போய், திரும்பியே பார்க்காதவர். எங்கள் வீடுகளில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை.

"சரிக்கா" என்றேன். அவர் வீட்டுச் சுவரில் யார் முகத்தைத் தினமும் பார்ப்பது என்று தீர்மானிக்க அக்காவுக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு உண்டு? முதலில் படத்தை ஸ்கேன் செய்து, கை வைக்காத பிரதி ஒன்றைத் தனியாக வைத்தேன். இன்னொரு பிரதியில் வேலையைத் தொடங்கினேன். அவருக்குப் பின்னால் கதவுத் திரை இருந்தது. திரையின் இன்னொரு பகுதியை நகலெடுத்து அடியில் ஒரு லேயராக வைத்தேன். மேலே உள்ள படத்தின் மாஸ்க்கில் அவர் உருவத்தின்மேல் கறுப்பைத் தடவினேன். அவர் தோள் உரசி நின்ற சிறுவனின் சட்டை ஓரத்தில் மட்டும் மெல்லிய சாம்பல். இரண்டு மாலை வேலை. எட்டுப் பேர் ஆனார்கள்.

பிரிண்டின் பின்புறம் பென்சிலால் எழுதினேன்: 'மூலப் படத்தில் 9 பேர். ஒருவர் மறைக்கப்பட்டுள்ளார். மூலம் என்னிடம் உள்ளது.' தேதி, சுருக்கொப்பம். அக்கா திருப்பிப் பார்த்தார். "இன்னும் ஆபீஸ் புத்தி போகல உனக்கு. சுவத்துக்குப் பின்னாடி யாரு பாக்கப் போறா, எழுதிக்க" என்றார்.

ஒன்றரை வருடம் கழித்து அக்கா மகள் போன் செய்தாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் படங்களை இறக்கினார்களாம், ஒரு சட்டத்தின் பின்பலகை கழன்று விட்டதாம். சற்று நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, "மாமா, அந்த ஒன்பதாவது ஆளு எங்கப்பாவா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அவர் முகத்த நான் பாத்ததே இல்ல மாமா."

ஐம்பது வயதைத் தாண்டிய பெண். பாட்டி ஆகிவிட்டவள். நான் கோப்பைத் திறந்து மாஸ்க்கை நிறுத்தினேன். ஒரே சொடுக்கு. கதவுத் திரைக்கு முன்னால் அவர் மறுபடி வந்து நின்றார், ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு. அவளுக்கு மட்டும் அனுப்பினேன். அக்கா வீட்டுச் சுவரில் இன்றும் எட்டுப் பேர்தான். அக்கா கேட்டது சுவருக்கு, மகள் கேட்டது தன் தகப்பனை. ரப்பரை எடுத்திருந்தால் இருவரில் ஒருவருக்குத்தான் நியாயம் கிடைத்திருக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாஸ்க் காப்பாற்றுவதெல்லாம் லேயர்களோடு சேமித்த கோப்பில்தான். வாட்ஸப்பில் அனுப்ப ஜேபெக்காக மாற்றும்போது எல்லா அடுக்கும் நசுங்கி ஒன்றாகிவிடும். அதன்பின் மறைத்ததும் அழித்ததும் ஒன்றே. அந்த நசுங்கிய பிரதிதான் ஊரெல்லாம் போகிறது. பேரப்பிள்ளைகள் அதைத்தான் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். இப்போது வாயால் சொன்னாலே படத்திலிருந்து ஆளை எடுத்துத் தரும் கருவிகள் வந்துவிட்டன. அவை கொடுப்பதும் பெரும்பாலும் நசுங்கிய பிரதியைத்தான்.

ஆகவே அலமாரியில் பழைய ஆல்பம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு மூன்று காரியங்களைச் சொல்கிறேன். ஸ்கேன் செய்த முதல் பிரதியைத் தொடாமல் தனியாக வையுங்கள். முடிந்தால் இரண்டு இடங்களில். திருத்திய கோப்பை லேயர்களோடு சேமியுங்கள். ஃபோட்டோஷாப்பில் அதற்குப் பிஎஸ்டி, கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப் என்று பெயர். அச்சிட்டால், பின்புறம் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பென்சில் போதும், பேனா மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறி வரலாம்.

அந்த ஒரு வரியைப் படிக்க என்றாவது ஒருநாள் யாராவது சட்டத்தைத் திருப்புவார்கள்.